பிரகாசி விழுங்கிய சொல்

சொற்களுக்குக் கால் இருந்த காலத்தில், கடலோரத்தில் ஒரு சிற்றூர் இருந்தது. அங்கே யார் எதைச் சொன்னாலும் சொற்கள் நாக்கிலிருந்து இறங்கி, தங்கள் வேலையைப் பார்க்க நடந்துபோகும். மீனுக்குப் பேரம் பேசிய சொற்கள் சந்தைப் பக்கம் போகும். பிள்ளையைத் திட்டிய சொற்கள் அந்தப் பிள்ளையின் பின்னாலேயே ஓடும். செபத்தின் சொற்கள் மட்டும் சன்னல் வழியாக வெளியேறி, கடல்காற்றின் முதுகில் ஏறி மேலே போகும்.

மேலே, மேகம் முடிகிற இடத்தில் ஒரு கதவு இருந்தது. சுவர் கிடையாது, கூரை கிடையாது. கதவு மட்டும்தான்.

அந்த ஊரில் பிரகாசி என்று ஒருத்தி இருந்தாள். சாயங்காலம் கோயில் மணி அடித்தால் போதும், அடுப்பில் கொதிப்பதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு முழங்காலில் நின்றுவிடுவாள். அவள் செபத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. ‘எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல, எங்களையும் மன்னியும்’ என்ற வரி வரும்போது அவளுக்குச் சரியாக ஓர் இருமல் வரும். இருமி முடித்து, “எங்களையும் மன்னியும்” என்று தொடர்ந்துவிடுவாள். முன்பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுபோகும். அந்தப் பாதியின் வாசலில் மாட்டிக்கொண்டு தவித்த சொல்தான் ‘போல’.

மூன்று வருடமாக இதுதான் நடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு, கோயில் திருவிழாவுக்குச் சமைத்த இடத்தில், பிரகாசியின் ஓரகத்தி மெற்றில்டா ஊரார் முன்னிலையில் ஒரு சொல் சொல்லிவிட்டாள். மெற்றில்டாவின் பிள்ளைகள் சோற்றுப் பானையருகே ஓடிவிளையாட, பிரகாசி அதட்டினாள். “பெத்திருந்தால்லா அரும தெரியும்” என்றாள் மெற்றில்டா. பிள்ளை இல்லாதவள் காதில் அது எப்படி விழும்? இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அன்றிலிருந்து அந்தச் சுவர் மலையாகிவிட்டது.

பிரகாசிக்கு இன்னொரு பாரமும் உண்டு. அதே வருடம் அவள் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, “நாலு நாள் வந்து உங்கூட இருக்கட்டுமா?” என்று கேட்டாள். ஏதோ எரிச்சலில் இருந்த பிரகாசி, “ஆமா, நீ வராததுதான் இங்க ஒரு கொற!” என்று சொல்லிவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தச் சொல்லுக்காகத்தான் பிரகாசி தினமும் மன்னிப்புக் கேட்டாள். பாவம், உயிரை விட்டுக் கேட்டாள்.

அவள் கண்ணீரில் நனைந்த ‘மன்னியும்’, தினமும் மேலே போய்க் கதவைத் தட்டும்.

“வாங்க, வாங்க” என்று கதவு அன்பாகத்தான் பேசும். “எதைப் போல?”

கூடவே வந்த ‘எங்களையும்’ திரும்பி ‘மன்னியும்’ முகத்தைப் பார்க்கும். ‘மன்னியும்’ தன் கால்களைப் பார்க்கும். இரண்டும் வந்த வழியே இறங்கிவிடும். மறுநாள் காலையில் பிரகாசி கண் விழித்ததும் அம்மாவின் குரல் கேட்கும். “நாலு நாள் வந்து உங்கூட இருக்கட்டுமா?” இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் ‘மன்னியும்’ பொறுமை இழந்தது. திரும்பி வந்த வேகத்தில் நேரே பிரகாசியின் தொண்டைக்குள் இறங்கி, அங்கே ஒடுங்கி உட்கார்ந்திருந்த ‘போல’வைப் பிடித்து உலுக்கியது.

“ஏ பொடிச் சொல்லே! நடந்து நடந்து என் கால் வீங்கிவிட்டது. உனக்கு இங்கே என்ன சொகுசு? கூட வந்தால் என்ன?”

“வருகிற நேரத்தில் இருமல் வந்து கவிழ்த்துவிடுகிறதே” என்றது ‘போல’.

இருமலுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் தலையில் போடாதீர்கள். இந்த வீட்டில் சளியும் கிடையாது, தூசியும் கிடையாது. அவள் கூப்பிடுகிறாள், நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட எனக்கு ஓய்வில்லை.”

“சரி, இருமல் விலகிக்கொண்டால் வருவாயா?” என்று ‘மன்னியும்’ கேட்டது.

‘போல’ தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியது. “எனக்குத் தனியாக நிற்கத் தெரியாது. முன்னால் ஒன்றின் கையைப் பிடித்து, பின்னால் வருகிற உன் கையில் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அவள் யாரையாவது மன்னித்திருந்தால் அதன் கையைப் பிடித்துக்கொண்டு வருவேன். வெறுங்கையோடு வந்தால் கதவிடம் எதைக் காட்டுவது?”

‘மன்னியும்’ இருமலைத் திரும்பிப் பார்த்தது.

“நாளைக்கு எனக்கு லீவு” என்று சொல்லிவிட்டு இருமல் எழுந்து போய்விட்டது.

மறுநாள் மணி அடித்தது. பிரகாசி முழங்காலில் நின்றாள். வழக்கமான இடம் வந்ததும் இருமலைக் கூப்பிட்டாள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தொண்டை வெள்ளைத் துணியைப் போலச் சுத்தமாக இருந்தது.

“எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள்...” என்றாள். அதற்கு மேல் போக முடியவில்லை. பக்கத்தில் நின்ற கணவர் லூர்தையன் கண்ணைத் திறந்து பார்த்தார்.

“என்ன பிரகாசி, மறந்துட்டா?”

“மறக்கல. இப்பதான் ஞாபகம் வருது” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். செபத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே நடந்தாள். மூன்று வருடமாக மலையாய் நின்ற சுவர், சுற்றிப் போகப் பத்து எட்டுக்கூட இல்லை.

மெற்றில்டா முற்றத்தில் அரிவாள்மணை போட்டு மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையில் மீன் அப்படியே நின்றது.

“என்னக்கா?” என்றாள், பயந்துபோய்.

பிரகாசியின் நாக்கு நுனிக்கு வந்த ‘போல’ எட்டிப் பார்த்தது. மீன் வாடை, ஈரச் சகதி, கொக்கரிக்கிற கோழி. இந்த முற்றத்தில் யாரும் ‘போல’ என்று பேசுவதில்லை. அது தன் கோயில் வெள்ளையைக் கழற்றி வைத்தது. அந்தத் தெருவில் எல்லாரும் உடுத்துகிற உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டது. இப்போது அதன் பெயர் ‘மாதிரி’.

“நீ அன்னைக்கு என்னய ஒரு சொல்லு சொன்னல்லா” என்றாள் பிரகாசி. “அதே மாதிரி நானும் எங்கம்மாவ ஒரு சொல்லு சொல்லிட்டேன்ட்டி. அம்மா போறதுக்கு முன்னால. மனசறிஞ்சு சொல்லல, வாய் முந்திக்கிட்டு. நீயும் அந்த மாதிரிதான் சொல்லியிருப்ப.”

மெற்றில்டாவின் கண் நிறைந்துவிட்டது. “சொன்ன அன்னைக்கே நாக்க அறுத்துப் போடலாம்னு இருந்துச்சுக்கா. உங்க வாசல் வரைக்கும் எத்தன தடவ வந்தேன் தெரியுமா? நீங்கதான் கதவச் சாத்திட்டிய.”

“எனக்கு இன்னும் வலிக்கத்தான் செய்யுது, மெற்றில்டா. ஆனா இனி அத வச்சுக்கிட மாட்டேன். விட்டுட்டேன்.”

பிரகாசி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். சட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்துச் செதில் உரித்தாள். மீதிச் செபத்தை அந்த ஈரக் கையோடுதான் சொல்லி முடித்தாள். மெற்றில்டாவும் கூடச் சேர்ந்துகொண்டாள். கடல் மேல் வெளிச்சம் மெல்லச் சிவந்து, பிறகு ஊதாவாகி, இரண்டு பெண்களின் முகத்திலும் படிந்து நின்றது.

சொற்கள் காற்றில் ஏறின. கதவு வழக்கம்போலக் கேட்டது. “எதைப் போல?”

வரிசையின் நடுவிலிருந்து ‘மாதிரி’ முன்னால் வந்தது. ஒரு கையில் பிரகாசி விட்டுவிட்ட வலி இருந்தது. மறு கை ‘மன்னியும்’ கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

“இந்த மாதிரி” என்றது.

‘மன்னியும்’ அதை ஏற இறங்கப் பார்த்தது. வெட்கமாகிவிட்டது அதற்கு. “காலெல்லாம் மீன் செதில். கழுவிக்கொண்டு வரக் கூடாதா?” என்று காதோடு அதட்டியது.

“வேண்டாம்” என்றது கதவு, திறந்துகொண்டே. “அப்படியே வரட்டும்.”