காலில்லாத பறவை ஒட்டிய டம்ளர்

"என்னால இங்கேயும் உட்கார முடியல, அம்மா. சாயந்திர பஸ்ஸுக்குக் கிளம்பறேன்" என்றார் கிருபாகரன்.

பை ஏற்கனவே தோளில் இருந்தது.

மீனலோசனி அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த மலை மடத்தில் எல்லோருக்கும் அவர்தான் குரு, அவர்தான் அம்மா.

மடத்துக்குக் கண்ணாடி டம்ளர்கள்தான் சோறு போட்டன. பழங்காலத்து இயற்கை நூல்களில் இருந்த பறவை, பூச்சி, மீன் படங்களை மெல்லிய தாளில் அச்சடித்து வைத்திருப்பார்கள். தாளை நனைத்தால் படம் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அதை டம்ளரில் ஒட்டி, துணியால் நீவி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே சூளையில் வைக்க வேண்டும்.

கிருபாகரன் நீவி முடிப்பதற்குள் எழுந்துவிடுவார்; காற்று கொப்புளம் கொப்புளமாக நின்றுவிடும். அவர் ஒட்டிய வண்ணத்துப்பூச்சிகளுக்கெல்லாம் அம்மை போட்டிருக்கிறது என்று சமையல்கட்டில் சிரித்தார்கள். சாமியைவிட பஸ் நேரம் எழுதிய பலகையைத்தான் அவர் அதிகம் கும்பிடுகிறார் என்றும் பேச்சு.

இப்போது போனால் திரும்ப இடம் கிடைக்காது என்று அம்மா சொன்னார். மலையடிவாரத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

தெரியும் என்றார் அவர். இதற்கு முன் போன மடங்களிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரே ஒரு டம்ளரை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார்.

அதில் ஒரு சொர்க்கப் பறவை. பொன்னிற இறகுகள் டம்ளரைச் சுற்றிக்கொண்டு ஓடின.

கால்கள் இல்லை.

ஒட்டும்போது கிழித்துவிட்டீர்களா என்றார் அம்மா.

இல்லை, மூலப்படமே அப்படித்தான் என்றார் கிருபாகரன். அந்தக் காலத்தில் இந்தப் பறவை காலில்லாமலே பிறக்கிறது என்று நம்பினார்கள். தரையில் இறங்காது. கிளையில் அமராது. காற்றிலேயே தூங்கும், பனித்துளியைக் குடிக்கும்.

"நானும் இந்த இனம்தான் அம்மா. பிறவியே அப்படி."

"வரைஞ்சவர் பறவையைப் பார்த்தாரா?"

கிருபாகரன் டம்ளரைக் கையில் உருட்டினார். பார்க்கவில்லை. கப்பலில் வந்த உலர்ந்த தோலைத்தான் பார்த்தார். தோலை உரித்துக் காயவைத்தவர்கள் காலை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"உசுரோட இருந்தப்ப?"

"கால் இருந்தது."

"உட்காருமா?"

"உட்காரும்." பிறகு, யாரோ துரத்துவதுபோல வேகமாகச் சொன்னார். "உட்கார்ந்தப்பதான் அம்பு பட்டுது."

கீழே, மலைப்பாதையின் வளைவில், பஸ் ஹாரன் கேட்டது.

அம்மா கேட்டார். "நீங்க உட்கார்ந்தா என்ன வந்து படும்?"

கிருபாகரன் வாசலைப் பார்த்தார். பையின் வாரை இறுக்கினார். தளர்த்தினார். மறுபடி இறுக்கினார்.

"வனஜா வருவா."

அந்தப் பெயரை அவர் மடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

என் மனைவி என்றார். இறந்துவிட்டாள். எந்த ஊரில், எந்தக் குருவின் முன்னால் கண்ணை மூடினாலும், எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். திட்டுவதில்லை, அழுவதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட அங்கே இருக்க முடிவதில்லை.

பஸ் வந்து நின்றது. நடத்துனர் விசில் ஊதினார்.

அம்மா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு நிரப்பினார். அவருக்கு எதிரே காலியாகக் கிடந்த பாயில் கொண்டுபோய் வைத்தார்.

"இத்தனை நாளா உங்களைத் தேடித் தேடி வந்திருக்காங்க. ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா?"