தேம்ஸ் நதி அன்னங்கள் பேச்சை விட்ட கதை

பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழி பேசிப் புழங்கிய அந்தக் காலத்தில், இங்கிலாந்தின் தேம்ஸ் நதியில் எடிவா என்றொரு பெண் ஓடம் விட்டுப் பிழைத்துவந்தாள். அவளுடைய ஓடத்தை ஒட்டியே ஒரு பெட்டை அன்னம் நீந்தி வரும். அன்னங்கள் அப்போது யாருக்கும் சொந்தமில்லை. தம் பாட்டுக்கு வாழ்ந்தன. பறவைகளிலேயே இனிமையாகப் பேசியவை அவைதான். ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால், சொன்னவரின் குரலே அதில் கேட்கும்.

நாட்டை ஆண்ட அரசருக்குக் கடல் தாண்டிப் போய்ப் போர் செய்வதில் தீராத ஆசை. ஊர் ஊராக இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கரையில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஆனால் ஓடம் நடு ஆற்றுக்கு வந்துவிட்டால் தாய்மார்கள் வாய்விட்டு அழுவார்கள், கிழவர்கள் அரசரைத் திட்டித் தீர்ப்பார்கள். எடிவா துடுப்புப் போட்டபடியே கேட்டுக்கொள்வாள். அன்னமும் கேட்கும்.

ஒரு குளிர்காலத்தில் நதி உறைந்துபோனது. நீருக்கடியில் இருந்த புல் அன்னங்களுக்கு எட்டவில்லை. பசியில் தள்ளாடிய அந்த அன்னம் அரண்மனைத் தோட்டத்தில் போய் நின்றது. அரசர் தம் கையாலேயே வாற்கோதுமை போட்டார். தினமும் வரச் சொன்னார். அது தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"ஆற்றில் என்ன சேதி?" என்று ஒரு நாள் கேட்டார்.

அன்னத்துக்குச் சூது தெரியாது. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எந்த மாவு ஆலையின் சக்கரம் உடைந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தது. "எடிவாவின் தம்பி ஆல்ரிக் இருக்கிறானே, அவன் வேடிக்கையாகப் பேசுவான். 'ராஜாவுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் அவரே முன்னால் போய் நிற்கட்டுமே, எங்கள் பையன்களை ஏன் கூப்பிடுகிறார்?' என்றான்."

ஆல்ரிக்கின் குரலிலேயே சொன்னது. அரசர் சிரித்தார். இன்னும் ஒரு பிடி தானியம் போட்டார்.

பனி உருகி ஓடம் மறுபடி ஓடத் தொடங்கியபோது வீரர்கள் வந்து ஆல்ரிக்கைக் கொண்டுபோனார்கள். அரசரைப் பழித்தவன் என்று சந்தையில் வைத்துத் தூக்கிலிட்டார்கள்.

தம்பியைப் புதைத்துவிட்டு வந்த எடிவா ஓடத்தை நடு ஆற்றில் நிறுத்தினாள். அன்னம் வழக்கம்போல் அருகே வந்தது.

"அவன் அதைச் சொன்னது இங்கேதான்," என்றாள். "ஓடத்தில் அவனும் நானும்தான் இருந்தோம். நான் யாரிடமும் சொல்லவில்லை."

அன்னத்தின் கழுத்து தொய்ந்தது. "நான்தான் சொன்னேன், எடிவா. பசிக்குத் தீனி போட்டவர் கேட்டார். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்."

எடிவா திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்னத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இனி என் ஓடத்தின் பக்கம் வராதே," என்று மட்டும் சொல்லித் துடுப்பை எடுத்தாள்.

அதற்குள் அரசரின் ஆணை வந்துவிட்டது. ஆற்று அன்னங்கள் அத்தனையும் இனி அரசருக்கே சொந்தம். கோடையில் அவருடைய ஆட்கள் படகில் வந்து, ஆற்றில் அவற்றின் காதில் விழுந்ததையெல்லாம் விசாரிப்பார்கள். அதோடு ஆறு அடங்கிப்போனது. ஓடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒருத்தி, சத்தம் வெளியே வராமலிருக்கத் தன் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுததை எடிவா பார்த்தாள். அழுவதற்கும் இடமில்லாமல் போயிற்றே என்று நெஞ்சு வெந்தது.

அன்னங்களின் முட்டைகளை உடைத்துவிடுவது என்று ஊரார் ரகசியமாக முடிவு செய்தார்கள். முதல் கூட்டைத் தானே உடைப்பதாக எடிவா சொன்னாள்.

காலையில் நாணல் புதருக்குள் துடுப்போடு போனாள். அங்கே அடைகாத்திருந்தது அவளுடைய பழைய அன்னம்தான். அவளைக் கண்டதும் அது கூட்டிலிருந்து எழுந்து விலகி நின்றது.

"உடைத்துவிடு. இவை பொரிந்தால் பேசும். பேசினால் அவர் கேட்பார். எங்களுக்குப் பொய் சொல்ல வராது," என்றது.

எடிவா துடுப்பை ஓங்கினாள். முட்டைகள் தாயின் சூடு ஆறாமல் மின்னின. ஓங்கிய கை இறங்க மறுத்தது. பெற்றவளிடமிருந்து பிள்ளைகளைப் பிடுங்க அரசர் ஒருவர் போதாதா, நானும் வேண்டுமா என்று தோன்றியது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால் முடியவில்லை. ஆனால் இவை பேசினால் இன்னும் எத்தனை பேர் சாவார்கள்!"

அன்னம் அவளருகே வந்து நின்றது. பிறகு சொன்னது: "எங்கள் குஞ்சுகளுக்குப் பேச்சு தானாக வருவதில்லை. தாய் பேசுவதைக் கேட்டுத்தான் வரும். தாய் வாயை மூடிக்கொண்டால் வராது. ஆற்றில் உள்ள எல்லா அன்னங்களிடமும் போய்ச் சொல்கிறேன். அதோடு நானும் நிறுத்திவிடுகிறேன்."

"உன் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவாய்?"

அன்னம் கூட்டில் ஏறி முட்டைகளை இறகால் மூடியது. "எடிவா, உன் தம்பியின் குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் நிறுத்திவிட்டால் அதுவும் போய்விடும். ஒருமுறை கேட்கிறாயா?" என்றது.

எடிவா தலையசைத்தாள்.

"அக்கா, கயிற்றை வீசு!" என்றது அன்னம். துறையில் நின்று ஆல்ரிக் தினமும் கூப்பிட்ட அதே குரல். எடிவா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அன்னம் மேலாற்றுப் பக்கம், அடுத்த கூட்டை நோக்கி நீந்திக்கொண்டிருந்தது.

கோடையில் அரசரின் ஆட்கள் படகுகளில் வந்தார்கள். ஒவ்வொரு அன்னத்தையும் பிடித்துத் தூக்கி, "என்ன கேட்டாய், சொல்!" என்றார்கள். குஞ்சுகள் சீறின. பெரிய அன்னங்கள் அலகைத் திறக்கவேயில்லை. அரசரே வந்து வாற்கோதுமையை நீட்டினார். அந்த அன்னம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இவை என்னுடையவை!" என்று அரசர் கத்தினார்.

"ஆமாம் அரசே, உங்களுடையவைதான்," என்றான் படகின் தலைவன். "ஆனால் பேச மாட்டேன் என்கின்றன."

"அடுத்த ஆண்டும் வாருங்கள். அதற்கடுத்த ஆண்டும் வாருங்கள். பேசும்வரை கேளுங்கள்."

படகுகள் போன பிறகு, ஓடத்தில் இருந்த ஒரு கிழவர் அன்னத்தைப் பார்த்துக்கொண்டே அரசரை ஒரு வார்த்தை திட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அன்னம் தலையை நீருக்குள் விட்டுப் புல் மேயத் தொடங்கியது. எடிவா துடுப்பை நிறுத்தி, அது ஓடத்தோடு சேர்ந்துகொள்ளும்வரை காத்திருந்தாள்.

அந்தக் கோடையிலிருந்துதான் தேம்ஸ் அன்னங்கள் பேச்சை விட்டன. அரசர்கள் போய் அரசிகள் வந்து, மறுபடி அரசர்கள் வந்த பின்பும், அரண்மனை ஆட்கள் ஆண்டுதோறும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு படகில் வந்து, அன்னங்களைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு நீரில் விட்டுப் போவதும், கரையில் நிற்கும் ஜனங்கள் தங்களை ஆள்கிறவர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரிப்பதும் அன்று தொடங்கியதுதான்.