மேல்கம்பத்தில் ஒரு தொட்டில்

மாதா திருவிழாக் கால்பந்துப் போட்டிக்கு ஊர் அணிக்குக் கோச் இல்லை. கோச்சின் விசில் தன் கழுத்தில்தான் தொங்கவேண்டும் என்று தொபியாஸ் முடிவு செய்துவிட்டான். கப்பல் சமையற்கட்டில் வெங்காயம் உரித்தவன். ஒரு மழைநாளில் இத்தாலியில் ஜெனோவாத் துறைமுகத்தில் இறங்கியும் நின்றவன். அது போதாதா?

கோச்சை முடிவு செய்ய, கிளப் தலைவி செலினும் ஆட்டக்காரர்களும் மீன்வலைகள் போட்டுவைக்கும் வலைக்கூடத்தில் கூடியிருந்தார்கள்.

“பொனெல்லின்னு ஒரு இத்தாலிக்காரன். நம்ம கூட்டாளி,” என்று ஆரம்பித்தான் தொபியாஸ். “ஆடுன காலத்துல அவன் உதைச்சா பந்து கண்ணுக்குத் தெரியாது. வலையைக் கிழிச்சு, கேலரியைத் தாண்டி, கோயில் மணியில போய் இடிக்கும். மணிச்சத்தம் கேட்டாத்தான் ரெஃப்ரி கோல்னு ஊதுவான்.”

“கோயில் மைதானத்துக்குப் பக்கத்துலயா?” என்றான் கேப்டன் ரெக்சின்.

“அடுத்த ஊர்ல.”

யாரோ இருமினார்கள். இருமல் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லவேண்டும் என்பது தொபியாஸின் அனுபவம்.

“முட்டி தேய்ஞ்சதும் கோச் ஆயிட்டான். ஒரே பாடம்தான்: தடுக்கணும். பின்னால தடுக்குற அவனோட பேக் நாலு பேரும் வரிசையா நின்னா காத்துகூடச் சுத்தித்தான் போகணும். அவனுகளுக்குப் பின்னால உக்காந்து பார்த்தவன் எல்லாம் காத்தில்லாம விசிறி வாங்குனான்.”

“வலையைப் பிடிச்சுக்கிடுங்கலே, இவரு புளுகுற காத்துல பறக்குது!” என்றது ஒரு குரல்.

“பன்னிரண்டு வருசம் ஒரு கோல் விழல மக்கா! கோல்கீப்பருக்கு வேலையே இல்ல. கல்யாணம் முடிச்சு, கோல் கம்பத்துக்குள்ளயே குடித்தனம் வச்சான். மேல்கம்பத்துல சேலை கட்டித் தொட்டில். வலையில கருவாடு காயும்.”

“கார்னர் கிக் வந்தா?” என்றான் ரெக்சின்.

“பிள்ளை தூங்குதுன்னு சொன்னபெறவு எவனாவது உதைப்பானா?”

ரெக்சின் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். இதுதான் சமயம்.

“இவ்வளவும் அவனுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? நான்தான்.”

செலின் மட்டும் சிரிக்கவில்லை. போன வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒன்பது கோல் போட்டபோது கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றது அவள் மகன்.

“தொபியாஸ் அண்ணே, நீரு கோச்சாப் போகத்தான் வேணும்,” என்றாள்.

தொபியாஸ் கழுத்தை நீட்டினான்.

“பக்கத்து ஊருக்கு. இதையே அவனுகளுக்கும் சொல்லும். வாயைப் பிளந்து கேட்டுக்கிட்டு நிப்பானுக. அந்த நேரத்துல நாங்க பத்து போட்டுக்கிடுறோம்.”

வலைக்கூடமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை தொபியாஸ் யோசித்தான்.

“அவனுக விசில் தருவானுகளா?”