எருமையின் தோல் தூங்கிய கதை

அந்தக் காலத்தில், ஆடு மாடு மட்டுமல்ல, அவற்றின் தோல்கூட வாய்விட்டுப் பேசும். அப்போது எருமைக்கும் பசுவைப் போலவே அடர்ந்த முடி. வெயிலில் குப்பென்று வேர்க்கும். வேர்வை காயக் காய உடம்பு குளிர்ந்துவிடும்.

மயிலி என்ற எருமைக்கு அந்தக் கசகசப்பே பிடிக்காது. ஒரு சித்திரையில் குளத்தில் இறங்கிக் கழுத்துவரை உட்கார்ந்தாள். அடடா, என்ன சுகம். அதன்பிறகு காலையில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் கரையேறுவாள். தோல் தினமும் அவளைக் கேட்கும், இன்றைக்கு எனக்கு வேலை உண்டா என்று.

"உனக்கென்ன வேலை? எல்லாம் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். நீ தூங்கு" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள் மயிலி.

தோல் தூங்கிப்போனது. முடியும் கொட்டியது.

கவலைப்பட்டதெல்லாம் நாத்தனார் முறையான செவலைப் பசுதான். குளம் வற்றினால் என்ன செய்வீர்கள் அண்ணி என்று கரையில் நின்று ஓயாமல் புலம்புவாள். மயிலி மூக்கால் தண்ணீரை ஊதிச் சிரிப்பாள்.

அடுத்த வைகாசியில் குளம் வற்றியே விட்டது. இனி ஆற்றுக்குத்தான் போக வேண்டும். கன்றுகள் முந்திக்கொண்டு ஓடிவிட்டன. அவற்றில் மயிலியின் கன்று இன்னும் பால்குடி. உச்சிப்பொழுதுக்குள் மடி கிடைக்காவிட்டால் சுருண்டுவிடும். பதறி நடந்த மயிலிக்குப் பாதி வழியிலேயே உடம்பு கொதித்தது.

"தோலே, எழுந்திரு. கொஞ்சம் வேர்த்துவிடு."

தோல் கொட்டாவி விட்டது. "எப்படி வேர்ப்பது? மறந்துபோச்சே."

மயிலி முட்டி மடங்கி விழுந்தாள். கூட நடந்துவந்த செவலை புலம்பிக்கொண்டே அங்குமிங்கும் ஓடியதில், வாய்க்கால் மூலையில் மிச்சமிருந்த சேற்றில் கால் சளக்கென்று புதைந்தது. காலில் ஜில்லென்று குளிர்ச்சி ஏறியதும் புலம்பல் நின்றது.

"அண்ணி, வெட்கம் பார்க்காமல் வந்து இதில் புரளுங்கள்."

மயிலி தவழ்ந்து வந்து கொம்பு முதல் வால்வரை புரண்டாள். ஈரச்சேறு வெயிலை வாங்கிக்கொள்ள, உடம்பு ஆறியது, எழுந்து ஓடினாள்.

மண்மேடு ஒன்று ஓடி வருவதைப் பார்த்துக் கன்று மிரண்டது. குரலைக் கேட்டதும்தான் ஓடிவந்து மடியை முட்டியது. குடித்து நிமிர்ந்தபோது அதற்குச் சேற்று மீசை. ஆற்றங்கரையே சிரித்தது, செவலையும் சிரித்தாள்.

அன்று முதல்தான் வெயில் ஏறினால் எருமை சேறு தேடிப் போகிறது. பசு வேர்க்க வேர்க்க மேய்கிறது. ஆனாலும் நடுநடுவே தலையைத் தூக்கி, குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறது.