நாலு அறை வயிறு

சங்ககிரி பைபாஸில் புளுகுக்கும் ஒரு டோல்கேட் போட்டிருந்தால் அர்த்தனாரி வீட்டை விட்டே வெளியே வந்திருக்க முடியாது. அன்றைக்குக் காலையில் பாவாயக்கா டீக்கடை பெஞ்சில் கால் மேல் கால் போட்டு அவன் உட்கார்ந்த தோரணையைப் பார்த்ததுமே இன்றைக்கும் புளுகுதான் என்று செங்கோடனுக்குத் தெரிந்துவிட்டது.

அர்த்தனாரி செங்கோடனின் தங்கச்சி புருஷன். முட்டை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், வாயாலேயே அந்த வேலையைத் தொலைத்தான். செங்கோடன் ஓட்டுவது பெட்ரோல் டேங்கர்; அது கடை ஓரமாக நின்றிருந்தது. "ஒடம்பத் தயார் பண்ணிட்டு வருவாருங்க, நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கும் ஒரு டிரைவர் இடம் பிடித்து வைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் முதலாளி வருவார். புது ஆள் யாராக இருந்தாலும் டேங்கர் மேல் ஏறி மூடியைத் திறந்து காட்ட வேண்டும், அது அவர் வழக்கம். இதுவும் போனால் தங்கச்சி மூட்டை முடிச்சோடு செங்கோடன் வீட்டுக்குத்தான் வருவாள்.

"தயார் பண்ணுனியா மாப்ளே?"

"என்ன மச்சான் இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க." அர்த்தனாரி டீயை நிதானமாக உறிஞ்சினான். "மொதல்ல மூச்சு. பெட்ரோல் வாசம் தாங்கோணுமில்லீங்களா? கெணத்துக்குள்ள முங்கி உக்காந்தேன். ரொம்ப நேரமாச்சு. மீனெல்லாம் சுத்தி நின்னு, 'ஆளு போயிட்டாப்ல, ஊட்டுக்குச் சொல்லியுடுங்க'ன்னு பேசிக்குதுங்க."

பக்கத்தில் டியூபைத் தண்ணியில் அமுக்கிக்கொண்டிருந்த பஞ்சர் கடை வையாபுரி நிமிராமலே கேட்டான். "உங்க கெணறு வத்திக் கெடக்குதே?"

"நான் மூச்ச உள்ள இழுத்ததுக்கப்பறம் பாத்திருப்ப." அர்த்தனாரி நிற்காமல் கதையைத் தொடர்ந்தான். "அப்பறம் கரண்டு. டேங்கருக்கு அடியில சங்கிலி ஒண்ணு தரையில ஒரசிட்டே வருதுல்ல? வண்டியில ஊறுற கரண்டு மண்ணுக்குப் போகட்டும்னுதான். வண்டிக்கே அப்பிடின்னா ஓட்டறவனுக்கு வேண்டாமா? இடுப்புல ஒரு சங்கிலியக் கட்டித் தொங்கவுட்டுட்டுத் திரிஞ்சேன். ஒருநா மழையில இடி நேரா உச்சந்தலையில எறங்குச்சு. சங்கிலி வழியா பேசாம மண்ணுக்குப் போயிருச்சு. போறப்ப நனஞ்ச தலையத் தொவட்டி உட்டுட்டுப் போச்சு."

"அது எங்க எருமச் சங்கிலியா?" என்றாள் பாவாயக்கா. "ரெண்டு வாரமா எரும அவுந்து ஊர் மேயுது."

அர்த்தனாரி அது காதில் விழாத மாதிரி சட்டையைத் தூக்கி வயிற்றைத் தட்டினான். "இதப் பாருங்க. டேங்கருக்குள்ள தனித்தனி அறையில்ல? ஒண்ணுல பெட்ரோல், ஒண்ணுல டீசல், ஒண்ணோட ஒண்ணு கலக்காது. பிரேக் அடிச்சா அலம்பாது. ஒரு கொடம் தண்ணியக் குடிச்சுப்போட்டு மலையடிவாரம் வரைக்கும் ஓடறது, சடக்குனு நிக்கறது. அப்பிடியே பழகிப் பழகி வயித்துக்குள்ள நாலு அறை பிரிஞ்சிருச்சு. டீக்கு ஒண்ணு, மோருக்கு ஒண்ணு, ரசத்துக்கு ஒண்ணு, கொழம்புக்கு ஒண்ணு. ஒண்ணோட ஒண்ணு பேச்சுவார்த்தையே கெடையாது."

"அப்ப இந்த ரெண்டாவது டீ எந்த அறைக்கு?" என்றாள் பாவாயக்கா.

"அது ரிசர்வுங்க்கா."

வையாபுரி சிரித்ததில் டியூப் கை நழுவியது. செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அதெல்லாம் கெடக்கட்டும் மாப்ளே. மேல ஏறிப் பழகுனியா இல்லியா, அதச் சொல்லு."

"தென்ன மரம் மச்சான். ஏறுன வேகத்துல மரம் முடிஞ்சதே தெரியல. அதுக்கு மேலயும் நாலடி ஏறிட்டேன். அப்பறம் குனிஞ்சு பாக்கறேன், கால்மாட்டுல மரத்தக் காணம்."

"எறங்குனது?"

அர்த்தனாரி டம்ளரில் மிச்சமிருந்த டீயை அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். முதலாளியின் புல்லட் வந்து நின்றது.

டேங்கர் ஏணியில் அர்த்தனாரி ஏறிய வேகத்தைக் குறை சொல்ல முடியாது. சும்மா விறுவிறுவென்று போனான். மேலே போய் நிமிர்ந்து நின்றான், ஒரு தடவை கீழே பார்த்தான். அவ்வளவுதான். அப்படியே மடங்கி உட்கார்ந்து மூடியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"தொறந்து காட்டப்பா," என்றார் முதலாளி.

"காட்டறனுங்க. இங்க இருந்து பாத்தா மேட்டூர் டேம் தெரியுதுங்க. மதகு தொறந்திருக்குது."

"கண்ண மூடிட்டே தெரியுதா?" என்றான் வையாபுரி.

"மாப்ளே, சரி, எறங்கியாச்சும் வா," என்று செங்கோடன் கீழிருந்து கெஞ்சினான்.

"ஏறத்தான் பழகுனேன் மச்சான்."

முதலாளி செங்கோடனைத் திரும்பிப் பார்த்தார். செங்கோடன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். தங்கச்சி மூட்டையோடு வாசலில் நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே வாய் திறந்துகொண்டது.

"அவரு பயந்து உக்காரலீங்க. மூடிய உட்டு நகரக் கூடாதுன்னு பழகியிருக்காருங்க. போன வாரம் எங்க ஊட்டுத் தண்ணித் தொட்டி மேல உக்காந்து பழகுனாருங்க. சூறக்காத்து வந்து தொட்டியத் தூக்கிருச்சு. பறந்து போயி ஈரோட்ட ஒரு சுத்து சுத்திட்டு, அதே எடத்துல வந்து உக்காந்துச்சுங்க. இவரு புடிச்ச மூடிய உடலீங்க. ஒரு சொட்டு சிந்தலீங்க."

மேலேயிருந்து ஈனசுரத்தில் ஒரு குரல் வந்தது.

"மச்சான், நம்பற மாதிரி சொல்லுங்க."

முதலாளி டேங்கர் உச்சியை ஒரு பார்வை பார்த்தார். புல்லட்டை உதைத்துக் கிளப்பினார்.

"செரி செங்கோடா, அந்தத் தொட்டிய நாளைக்கு வரச் சொல்லு. அதுக்கு வேலை போட்டுக் குடுக்கறேன்."