குருத்தோலைக் கதவு

நண்டும் மனிதரும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், மனிதருடைய காலுக்குள் கதவுகள் கிடையாது. நெஞ்சிலிருந்து இறங்கிய ரத்தம் திரும்ப ஏறும்போது பாதி வழியிலேயே சறுக்கிக் கீழே விழும். ஒரு நாழிகை நின்றால் அரை நாள் காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்த தவசிக்குப் படுக்கப் பொறுமையில்லை. உப்பு வாரும் பருவம். நின்றது நின்றபடியே நின்றான். மூன்றாம் நாள் கால் இரண்டும் சுரைக்காயாக வீங்கி, முகம் வெளிறி, வரப்பில் மயங்கிச் சாய்ந்தான். அவன் மனைவி இசக்கியம்மாளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவன் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே கிடந்த ரத்தத்தைக் கேட்டாள்.

"ஏன் இங்கேயே கிடக்கே? மேலே அவருக்கு மூச்சு முட்டுது."

"ஏறத்தான் பாக்கேன், தாயி. பிடிச்சு நிக்க ஒரு படிகூட இல்லையே."

அவள் கண் அளத்து மதகின் பக்கம் போனது. கடல் ஏறி வரும்போது அதன் பலகை தானே திறக்கும். தண்ணீர் திரும்பி ஓடப் பார்த்தால் தானே மூடிக்கொள்ளும். உடனே பனங்கட்டையைச் சீவிக் குட்டிக் குட்டிக் கதவுகள் செய்தாள். அவற்றைக் காலுக்குள் மாட்டித்தரச் சொல்லி வாய்க்கால் நண்டைக் கெஞ்சினாள்.

"ஒன் புருசன் காலு என்ன எனக்கு வளையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நண்டு நகக்கண் வழியாக உள்ளே போனது. சதைக்கு நடுவே ஓடும் ஆழமான குழாய்களில் எல்லாம் மாட்டிவிட்டு, கண்ணை மட்டும் வெளியே நீட்டியது.

"தோலுக்கடியில ஓடுற குழாய்க்குக் கதவு பத்தலை."

கட்டை தீர்ந்துபோயிருந்தது. தவசியின் உதடு நீலம் பாரித்தது. அவள் பக்கத்திலிருந்த வடலிப் பனையில் குருத்தோலையைக் கிழித்து நீட்டினாள்.

"ஓலை எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றது நண்டு.

"இப்போ மாட்டு. நாளைக்கு மாத்திக்கலாம்."

தவசி கண் விழித்தான். எழுந்து நாலு அடி வைத்தான். ஆடுசதை அமுக்க அமுக்க ரத்தம் கதவு கதவாக ஏறியது.

மறுநாள் கட்டைக் கதவுகளோடு அவள் போய் நின்றபோது அவன் காலை இழுத்துக்கொண்டான். "நல்லா இருக்கிற காலை எதுக்குப் பிள்ள கிளறுதே?"

அவன் முகத்தில் திரும்பியிருந்த நிறத்தைப் பார்த்தாள். அதைக் கெடுக்க அவளுக்கும் மனம் வரவில்லை.

"சரி. ஒரே இடத்துல நிக்காதீங்க. நடந்துக்கிட்டே இருங்க."

"நானா நிக்கேன்? உப்புல்லா நிக்க வைக்குது," என்று சிரித்தபடி அளத்துக்குப் போனான்.

அவன் வழியில் பிறந்த எல்லோர் காலிலும் அதே கதவுகள்தான். அன்று முதல்தான், நின்றே பாடுபடுகிறவர்களுக்குத் தோலுக்கடியில் ஓலைக் கதவுகள் தளர்ந்து, ரத்தக்குழாய் பச்சையாகச் சுருண்டு புடைக்கிறது. நடந்தால் கொஞ்சம் தணிகிறது. சாயங்காலம் யாராவது அந்தக் காலை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம்.