கண் தாழாத நாள்

தலைமைப் பயிற்சியாளர் பதவி கிடைத்த வாரமே ஹேல் தன் பழைய ஆசானைத் தேடிக்கொண்டு கான்சாஸுக்குப் போனான்.

ஆசான் பூன் விளையாட்டை விட்டு விலகி வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் வீட்டு வாசலில் பேத்தியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஹேல் இளைஞனாக இருந்தபோது அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இப்போது ஹேலுக்கே காதோரம் நரைத்திருந்தது.

"ஒரு பையன் கிடைத்திருக்கிறான், கோச்," என்றான் ஹேல். "மைக்கா என்று பெயர். இந்த வருடம் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களில் எல்லா அணிகளும் கேட்டது அவனைத்தான். எங்களுக்குக் கிடைத்தான். நீங்கள் வளர்த்துத் தரவேண்டும்."

பூன் சக்கரத்தை அழுத்திப் பார்த்தார்.

"எவ்வளவு காலம் தருவாய்?"

"நீங்கள் போதும் என்று சொல்லும் வரை."

"உன் முதலாளியும் அப்படித்தான் சொன்னாரா?"

"நான் சொல்கிறேன்."

பூன் காற்றடிப்பானைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய் மகளிடம் சொல்லிவிட்டுப் பெட்டியோடு வந்தார்.

அமெரிக்கக் கால்பந்து பெயருக்குத்தான் கால்பந்து. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அது முதலில் ஒருவனிடம் வந்து சேரும். அவனைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். அவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள். எதிரணியினர் அந்தச் சுவரை உடைத்து அவனைத் தரையில் சாய்க்க வருவார்கள். இரண்டு மூன்று மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் அவன் தூரத்தில் ஓடும் கூட்டாளிகளைப் பார்த்து, யாருக்கு என்று முடிவெடுத்து, எறிந்துவிட வேண்டும். எறிந்த பிறகும் அடி விழும்.

மைக்கா லூசியானாவில் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவன். அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பயிற்சி முடிந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் அவளுக்குப் போன் செய்வான். எதைச் சொன்னாலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். பந்து அவன் கையை விட்டுப் போவதைப் பார்க்க மற்ற ஆட்டக்காரர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள்.

பூன் முதல் நாளே அந்தப் பந்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

"கைக்கு வேண்டியது உன்னிடம் இருக்கிறது," என்றார். "கண் பழகட்டும்."

பையனை வெறும் கையோடு நிற்க வைத்தார். உதவியாளர்கள் பெரிய திண்டுகளைப் பிடித்துக்கொண்டு நாலாபக்கமிருந்தும் அவன்மீது ஓடிவந்தார்கள். பூன் தூரத்தில் போய் நின்று கையை உயர்த்தினார். எத்தனை விரல் என்று பையன் சொல்ல வேண்டும்.

"எனக்குத் திண்டுதான் தெரிகிறது, கோச்," என்று மைக்கா தரையில் கிடந்தபடி சிரித்தான்.

"தெரியட்டும். ஒருநாள் அதைத் தாண்டி என் கை தெரியும்."

இப்படியே கோடை போயிற்று. ஹேல் வந்து வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போவான். ஒருநாள் கேட்டான்.

"எப்போது தயாராவான்?"

"விழப்போகிறோம் என்று தெரிந்தும் கண் தாழாத நாளில்."

"அந்த நாள் எப்போது வரும்?"

"காயை அமுக்கி அமுக்கிப் பார்த்தால் பழுக்காது, ஹேல். கன்றித்தான் போகும்."

ஆட்டங்கள் தொடங்கின. வயதான ஒரு குவார்ட்டர்பேக்கை இறக்கி ஆடினார்கள். அணி தோற்றது. மறுபடி தோற்றது. சுவராக நின்ற ஐவரில் இருவருக்கு முழங்கால் போயிற்று. அந்த இடத்தில் நேற்று வந்தவர்கள் நின்றார்கள். அரங்கத்தில் கூட்டம் மைக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மைக்கா அதைக் கேட்டு முதலில் வெட்கப்பட்டான். பிறகு தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

அணியின் உரிமையாளர் விட்கம் ஹேலைத் தன் அறைக்கு அழைத்தார். குரல் உயராமல் பேசுகிறவர் அவர்.

"வாசலில் அந்தப் பையனின் முகத்தைக் கட்டட உயரத்துக்கு வரைந்து வைத்திருக்கிறோம். மக்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள். வந்து பார்த்தால் அவன் உட்கார்ந்திருக்கிறான்."

"இன்னும் காலம் வேண்டும், ஐயா."

"இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவன் ஆடுவான். உங்களால் முடியாது என்றால் சொல்லுங்கள், முடிகிறவரைப் பார்த்துக்கொள்கிறேன்."

ஹேல் நேராகப் பயிற்சித் திடலுக்குப் போனான். பூன் தனியாக இருந்தார். ஹேல் நடந்ததைச் சொன்னான்.

"என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?"

பூன் திடலின் மறுகோடியில் இருந்த உதவியாளர்களைக் கூப்பிட்டார். "திண்டுகளை எடுங்கள்," என்றார். பிறகு ஹேலிடம், "போய் நில்," என்றார்.

"நானா?"

"நீயும் இந்த இடத்தில் நின்றவன்தானே."

ஹேல் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். தலைமைப் பயிற்சியாளர்மீது மோத உதவியாளர்கள் தயங்கினார்கள். பூன் கண்ணால் அதட்டினார். ஓடிவந்தார்கள். இடப்பக்கமிருந்து வந்தவன் ஹேலைத் தூக்கிப் புல்லில் போட்டான். ஹேல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"எத்தனை விரல்?" என்று பூன் தூரத்திலிருந்து கேட்டார்.

"மூன்று."

பூன் நடந்து வந்தார்.

"ஆட்டத்தை விட்டு இத்தனை வருடம் ஆகிவிட்டது. எப்படித் தெரிந்தது?"

"நீங்கள் பழக்கியது, கோச். இரண்டு வருடம் என்னை உட்கார வைத்தீர்கள். அப்போது உங்கள்மேல் கோபமாகக்கூட இருந்தது."

"அந்த இரண்டு வருடத்தை உனக்கு யார் கொடுத்தார்கள்?"

"நீங்கள்தான்."

"எனக்கு யார் கொடுத்தார்கள்?"

ஹேல் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"யாரும் கொடுக்கவில்லை," என்றார் பூன். "உன்னை இறக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். மறுபடி சொன்னார்கள். அந்தப் பனிக்காலத்தோடு என்னை அனுப்பிவிட்டார்கள். அதற்குள் உனக்குக் கண் பழகிவிட்டது."

"உங்கள் மனைவிக்கு உடம்பு சரியில்லை, அதனால் போனீர்கள் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள்."

"அவள் நன்றாகத்தான் இருந்தாள்."

ஹேல் தரையைப் பார்த்தான். அவன் விழுந்த இடத்தில் புல் இன்னும் நிமிராமல் கிடந்தது.

"நான் மறுத்தால் என்னை அனுப்பிவிடுவார்கள்," என்றான். "அடுத்து வருகிறவன் அன்றைக்கே பையனை இறக்குவான்."

"இறக்குவான்."

"அப்படியென்றால் நான் மறுத்து என்ன பயன்?"

"அது அவன் செய்ததாக இருக்கும்."

ஹேல் புல்லிலேயே உட்கார்ந்திருந்தான். உதவிப் பயிற்சியாளனாக ஊர் ஊராக அலைந்த வருடங்கள் அவன் நினைவில் வந்தன. இந்தப் பதவி கிடைத்ததைச் சொன்னபோது மகிழ்ச்சியில் அழுத தன் மனைவியை நினைத்தான். பிறகு எழுந்து சட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கா ஆடினான்.

அப்படி ஒரு ஆட்டத்தை அந்த நகரம் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கூட்டாளி திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து அவன் மார்பில் இருந்தது. அணி வென்றது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஹேல் கூட்டத்துக்குள் தன் ஆசானைத் தேடிப் பிடித்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

"பார்த்தீர்களா?"

"பார்த்தேன்," என்றார் பூன். "கடைசியில் இரண்டு தடவை கீழே பார்த்தான்."

அதற்குப் பிறகு எதிரணிகள் அந்தச் சுவரின் பலவீனத்தைக் கண்டுகொண்டன. புதியவர்கள் நின்ற பக்கமாகவே வந்தார்கள். மைக்கா எறிவதற்கு முன் விழுந்தான். எறிந்த பிறகு விழுந்தான். விலா எலும்பு விரிசல் கண்டது. வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடினான். பனி விழத் தொடங்கியபோது அவன் கண் முழுதாகத் தாழ்ந்துவிட்டது. தூரத்தில் கூட்டாளி தனியாகக் கை காட்டிக்கொண்டு ஓடுவான். மைக்கா தன்னை நோக்கி வரும் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். சில சமயம் யாரும் வராதபோதும் பதறி ஓடுவான்.

பயிற்சியின்போது பூன் அவனுக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தோளைச் சுருட்டு. தலையை உள்ளே இழு. கையை ஊன்றாதே. உருளு. மைக்கா திரும்பத் திரும்ப விழுந்து எழுந்தான்.

ஹேலுக்குப் பொறுக்கவில்லை.

"எறியச் சொல்லிக்கொடுங்கள் என்று உங்களை அழைத்து வந்தேன். விழச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்."

"எறிவது அவனை விட்டுப் போய்விட்டது. விழுவது நிற்கப்போவதில்லை."

"அவன் கண்ணை மறுபடி நிமிர்த்த வழியே இல்லையா?"

"ஒரு வருடம் யாரும் அவனை அடிக்காமல் இருந்தால் பார்க்கலாம். தருவாயா?"

ஹேல் புல்லில் கிடந்த திண்டை ஓரமாக நகர்த்தினான்.

"நான் அவனை இறக்கிய அன்றே நீங்கள் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன்," என்றான் பிறகு.

"நானும் நினைத்தேன். இவனுக்கு விழத் தெரியாதே என்று இருந்துவிட்டேன்."

அடுத்த வருடமும் அப்படியே போயிற்று, இன்னும் மோசமாக. பெயரைச் சொல்லிக் கத்திய கூட்டம் அதே பெயரைச் சொல்லி ஏசியது. மைக்கா பயிற்சி முடிந்ததும் குனிந்தபடி போய்விடுவான். ஒருமுறை அவன் அம்மா ஹேலுக்கே போன் செய்தாள். "பையன் பேசுவதே இல்லை. அங்கே நன்றாக இருக்கிறானா?" என்று கேட்டாள். "நன்றாக இருக்கிறான், அம்மா," என்றான் ஹேல். வாசலில் இருந்த பெரிய முகத்தை ஒருநாள் இறக்கினார்கள். இலையுதிர் காலம் முடிவதற்குள் மைக்காவை அணியிலிருந்து விடுவித்தார்கள். வேறு எந்த அணியும் கேட்கவில்லை.

கிளம்பும் அன்று காலை மைக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூனின் அறைக்கு வந்தான். ஹேலும் விடைகொடுக்க வந்தவன் உள்ளே வராமல் கதவருகில் நின்றான்.

"உன்னைக் காக்க வந்தேன்," என்றார் பூன். "முடியவில்லை. நீ விழுந்த முதல் மாதத்திலேயே நிறுத்துங்கள் என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. என்னை மன்னித்துவிடு."

மைக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் மனதில் வேறு ஒன்று இருந்தது.

"ஒன்று கேட்கலாமா, கோச்?"

"கேள்."

"நான் நல்ல ஆட்டக்காரனா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ திடலின் கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். மைக்கா காத்திருந்தான். இருபத்துமூன்று வயதில் அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்க முடிந்தது.

"தெரியாது, மைக்கா," என்றார் பூன். "தெரிந்துகொள்ளும் அளவுக்கு யாரும் பொறுக்கவில்லை."

மைக்கா தலையசைத்தான். போகும்போது ஹேல் கையை நீட்டினான். மைக்கா பிடித்துக் குலுக்கினான்.

"நல்லபடியாக இரு," என்றான் ஹேல்.

"சரி, கோச்."

அவன் போகும் காலடி நடைவழி முடியும் வரை கேட்டது.

ஹேல் உள்ளே வந்து உட்கார்ந்தான். கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றான். "அதையாவது எடுத்துக்கொண்டு போயிருப்பான்."

"சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பான்."

"என்ன கேள்வி?"

"பிறகு ஏன் இப்படி ஆனேன் என்று."

"அதற்கு ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்."

பூன் சுவரில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவன் கதவருகில் நின்றான்," என்றார். "அவன் வாயைத் திறப்பான் என்று நானும் காத்திருந்தேன்."